ஒற்றை மணிக்கு நிற்பது

ஞானசுந்தரி டீச்சருக்கு ஓடத் தெரியாது. யாரும் கேட்பதற்கு முன்பே அவரே அதைச் சொல்லிவிடுவார். ஐம்பத்தேழு வயது, இரண்டு முழங்காலிலும் வலி, கஞ்சி போட்ட நூல் புடவை, தோளில் கைப்பை. அத்தனைக்கும் மேலே கழுத்தில் ஒரு விசில். பி.டி. மாஸ்டர் ஓய்வு பெற்றுப் போன பிறகு அந்த இடத்துக்கு அரசாங்கம் யாரையும் போடவில்லை. விளையாட்டை யார் பார்த்துக்கொள்வது என்று ஹெட்மாஸ்டர் கூட்டம் போட்டுக் கேட்டபோது எல்லா ஆசிரியர்களும் தரையைப் பார்த்தார்கள். ஞானசுந்தரி மட்டும் ஜன்னலைப் பார்த்துவிட்டார். அந்தக் குற்றத்துக்கு விசில் அவர் கழுத்தில் விழுந்தது. அவர் தமிழ் டீச்சர். நேரமும் கையில் நிறைய இருந்தது, தமிழ் படிக்கத்தான் பிள்ளைகள் இல்லை.

அந்தப் பள்ளிக்கு அரசாங்கம் வைத்த பெயர் பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் போகும். ஆனால் ஸ்கெலட்டன் என்ற அந்தச் சுரங்கக் குடியிருப்புப் பக்கம் யாரைக் கேட்டாலும் பெல்லு ஸ்கூல் என்றுதான் வழி சொல்வார்கள். தங்கச் சுரங்கக் கம்பெனி, தொழிலாளர் லைன் வீட்டுப் பிள்ளைகள் குட்டிச்சுவர் ஆகாமல் இருக்கட்டும் என்று கட்டிக் கொடுத்த பள்ளி அது. பிறகு அரசாங்கத்தின் கைக்குப் போனது. எப்போதோ ஒரு ஷாஃப்ட்டை, சுரங்கத்துக்குள் இறங்கும் குழியை, மூடியபோது, ஆட்களைக் கீழே இறக்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டுக்கு அடிக்கும் பித்தளை மணியைக் கம்பெனி பள்ளிக்குக் கொடுத்துவிட்டது. மணியோடு அதை அடித்த ஆளும் வந்து சேர்ந்தார். அவர்தான் பள்ளியின் முதல் டிரில் மாஸ்டர். அவருக்குத் தெரிந்த டிரில், மணி பேசும் பாஷை ஒன்றுதான்.

கேஜில் மணி மூன்று அடி என்றால் ஆள் ஏறுகிறது. இரண்டு அடித்தால் இறக்கு. கேஜ் போய்க்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு அடி விழுந்தால், நில். ஏன், எதற்கு என்ற கேள்வியே கிடையாது. டிரில் மாஸ்டர் அதை அப்படியே மைதானத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். மூன்று அடிக்குப் பிள்ளைகள் கோட்டுக்கு வர வேண்டும், இரண்டுக்கு ஓட வேண்டும், ஒன்றுக்கு எங்கே இருந்தாலும் கை இரண்டையும் தொடையில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கீழே பாறை வெடித்துத் தரை அதிரும் காலங்களில் இந்த ஒற்றை மணி எத்தனையோ முறை பிள்ளைகளைச் சுவரோரத்திலிருந்து விலக்கி நிறுத்தியிருக்கிறது. சுரங்கம் மூடிக் கால் நூற்றாண்டு ஆகப்போகிறது, மாஸ்டர்கள் மாறிவிட்டார்கள், மணியின் பாஷை மட்டும் மாறவில்லை.

விளையாட்டு விழாவுக்கும் அங்கே தனி வழக்கம். நான்கு அணி: மைசூர் மைன், சாம்பியன் ரீஃப், ஊர்காம், நந்திதுர்க். அப்பா எந்தச் சுரங்கத்தில் இறங்கினாரோ பிள்ளை அந்த அணி. சுரங்கம் மூடிய பிறகு தாத்தா இறங்கிய சுரங்கம். பூதிகோட்டையிலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தான். அவன் வம்சத்தில் யாரும் கிணற்றைத் தவிர வேறெதிலும் இறங்கியதில்லை. நந்திதுர்க்குக்கு ஆள் குறைகிறது என்று அவனைத் தூக்கி அதில் போட்டார்கள். ஒரு காலத்தில் மைதானம் கொள்ளாமல் பிள்ளைகள் இருந்த பள்ளியில் இன்றைக்கு நான்கு அணியையும் ஒரே வேனில் ஏற்றிவிடலாம்.

ஞானசுந்தரியும் அங்கேதான் படித்தார். சாம்பியன் ரீஃப் அணி. அவருடைய அப்பா தசரதன் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டு வேலை பார்த்தவர். ஒருநாள் ஒற்றை மணி அடித்தும் கேஜ் நிற்காமல் ஒரு முழம் நகர்ந்துவிட்டது. இடது பாதம் போய்விட்டது. மிச்ச ஆயுசு முழுக்க அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "ஒரு அடி கேட்டா நின்னுடணும், அவ்ளோதான்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே விசில் கழுத்தில் விழுந்தபோது, விளையாட்டில் வேறெதுவும் தெரியாத ஞானசுந்தரி இந்த ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தார்.

பத்தாம் வகுப்பு ராதிகா ஓடுகிறவள். யாரும் சொல்லிக் கொடுத்து வந்த ஓட்டம் இல்லை அது. லைனிலிருந்து பள்ளிக்கு, பள்ளியிலிருந்து ரேஷன் கடைக்கு, தங்கம் பிரித்துவிட்டுக் கொட்டிய சயனைடு மண் மேட்டில் ஏறி இறங்கி, எங்கும் அவள் நடந்து பார்த்தவர்கள் குறைவு. ஞானசுந்தரி செய்ததெல்லாம் நிழலில் நின்று சுற்று எண்ணியதுதான். மைதானம் சின்னது. எண்ணூறு மீட்டருக்கு நான்கு சுற்று சுற்ற வேண்டும். "இன்னும் ரெண்டு, இன்னும் ஒண்ணு" என்று டீச்சர் கத்துவார். நான்காவது முடிந்ததும் ஒரு மணி, ராதிகா நிற்பாள். எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஒருமுறை மணி விழுந்த பிறகும் ஓட்டத்தின் வேகத்தில் பத்தடி போய்விட்டாள். டீச்சர் அவளைச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் வெயிலில் நிற்க வைத்தார். அதற்குப் பிறகு ராதிகா பிசகியதே இல்லை. கல் மாதிரி நிற்பாள். ஞானசுந்தரி அதை மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டிப் பெருமைப்படுவார்.

ராதிகாவின் அம்மா லதா விடியும் முன்பே ரயில் ஏறிப் பெங்களூருக்குப் போய், ஒரு ஆபீஸ் கட்டடத்தில் தரை துடைத்துவிட்டுத் திரும்புகிறவர். அப்பா இல்லை. தாலுகா போட்டியில் ராதிகா முதலாவதாக வந்ததும் ஞானசுந்தரி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனார். மாவட்டப் போட்டியில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் மாநிலப் போட்டி. அங்கே வரைக்கும் போய்விட்டால் விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும், சாப்பாடு, காலேஜ், பயிற்சி எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று எடுத்துச் சொன்னார்.

"நான் இன்னா வேணான்னா சொல்றேன் டீச்சர்?" என்றார் லதா. "சோறு போட்டுப் படிக்க வெச்சி ஓடவும் உடறாங்கன்னா எந்த ஆத்தாளுக்குக் கசக்கும்? கெடச்சா போவட்டும். கெடைக்கலன்னா பரீட்சை முடிஞ்சதும் என்கூட ட்ரெயின் ஏறட்டும். கார்மென்ட்ஸ்ல ஒரு சூப்பர்வைசர் கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். ஜூன் வந்தா இவளுக்குப் பதினாறு ஆயிடும்."

"கெடைக்கும் லதா" என்றார் ஞானசுந்தரி. எந்தத் தைரியத்தில் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. ராதிகா அடுப்படியில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோலாரில் மாவட்டப் போட்டி. ஞானசுந்தரி பொறுப்பேற்றதிலிருந்து பெல்லு ஸ்கூலிலிருந்து யாரும் மாவட்டம் வரைக்கும் போனதில்லை. அவ்வளவு பெரிய மைதானத்தைப் பார்த்ததும் டீச்சர் கழுத்து விசிலைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மற்றப் பள்ளிப் பிள்ளைகள் ஆணி வைத்த ஷூவும் பளபள உடுப்புமாக இருந்தார்கள். ராதிகா பள்ளிச் சுடிதாரின் பேன்ட்டும் மேலே ஒரு பனியனும், வெறுங்காலும். "பயமா இருக்கா?" என்று டீச்சர் கேட்டார். "இல்ல டீச்சர். இங்க ரெண்டே சுத்துதானாம்" என்றாள் அவள், பாதி வேலை குறைந்துவிட்ட சந்தோஷத்தில்.

நீண்ட ஓட்டங்களில் அன்றைக்கு அதுதான் முதல். துப்பாக்கி வெடித்தது. ராதிகா முதல் வளைவிலேயே முன்னால் வந்துவிட்டாள். ஞானசுந்தரிக்கு உட்கார முடியவில்லை. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கம்பி வேலி ஓரமாக, முழங்கால் வலியை மறந்து அவரும் கூடவே விறுவிறுவென்று நடந்தார். முதல் சுற்று முடியும்போது அடுத்த பெண்ணுக்கும் ராதிகாவுக்கும் நடுவே ஒரு பஸ் நிற்கிற அளவு இடைவெளி. அப்போதே டீச்சரின் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. இந்தப் பிள்ளை தப்பித்துவிட்டது என்று நினைத்தார்.

கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேசை, மேசை ஓரத்தில் ஒரு பித்தளை மணி. கடைசிச் சுற்று தொடங்குகிறது என்று சொல்ல அதை அடிப்பது உலகம் முழுக்க உள்ள வழக்கமாம். தாலுகா போட்டியில் மணியே வைக்கவில்லை. சிலர் கணகணவென்று அடிப்பார்கள். அன்றைக்கு மணியடிக்க நின்றவர் ஒரே ஒரு அடி அடித்தார். நல்ல கனமான அடி.

ராதிகா நின்றாள்.

அந்த வேகத்தில் எப்படி நிற்க முடிந்ததோ, நின்றுவிட்டாள். கை இரண்டும் தொடையில் ஒட்டியிருந்தன. மார்பு மட்டும் ஏறி இறங்கியது. கூட்டம் முதலில் ஓவென்றது, பிறகு சிரித்தது. ராதிகா கண்ணை மட்டும் திருப்பி வேலிப்பக்கம் டீச்சரைத் தேடினாள்.

வேலி ஓரத்தில் ஞானசுந்தரியும் நின்றுகொண்டிருந்தார். மணி காதில் விழுந்ததும் அவர் காலும் தானாக நின்றுவிட்டது. கைப்பை கையிலிருந்து நழுவிக் கீழே கிடக்க, இரண்டு கையும் தொடையில் ஒட்டியிருந்தன. நாற்பது வருஷத்துக்கு மேலான பழக்கம். அது அவரிடம் அனுமதி கேட்கவில்லை. ராதிகா பார்த்தாள், அவர் பார்த்தார். ஒரு பெண் ராதிகாவைத் தாண்டிப் போனாள். இன்னொரு பெண் தாண்டினாள். அதற்குப் பிறகுதான் டீச்சருக்குப் புரிந்தது.

"ஓடு, ராதிகா, ஓடு" என்று கத்தினார். மைக்கில் யாரோ கன்னடத்தில் வேறு எதையோ அறிவித்துக்கொண்டிருந்தார்கள். குரல் வேலியைத் தாண்டியதா என்று தெரியவில்லை. மூன்றாவதாக ஒரு பெண்ணும் தாண்டிய பிறகு ராதிகா ஓட ஆரம்பித்தாள். அப்படி ஒரு ஓட்டத்தை டீச்சர் பார்த்ததில்லை. கடைசி வளைவில் ஒருத்தியைப் பிடித்தாள். மூன்றாவதாக வந்தாள்.

ஞானசுந்தரி மேசைக்குப் போய்த் தனக்குத் தெரிந்த கன்னடத்தில் முறையிட்டார். சுரங்கம், கேஜ், ஒற்றை மணி என்று எங்கிருந்தோ ஆரம்பித்தார். அதிகாரி நல்ல மனிதர். நாற்காலி கொடுத்தார், தண்ணீர் கொடுத்தார், முழுவதும் கேட்டார். "பெல் அந்த்ரெ லாஸ்ட் லாப் மேடம், எல்லரிகூ கொத்து" என்றார். மணி என்றால் கடைசிச் சுற்று, எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று. எல்லோருக்கும் தெரிந்தது எங்களுக்குத் தெரியாது என்று சொல்வதா? டீச்சர் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தார்.

பஸ்ஸில் ராதிகா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பங்காருபேட்டை தாண்டியதும் டீச்சர் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"எனுக்கு டவுட்டாதான் இருந்துச்சு டீச்சர். இன்னா இது, நடுவுல பெல் அடிக்கிறாங்கன்னு. அதான் உங்களப் பாத்தேன். நீங்களும் நின்னுகினு இருந்தீங்க. சரி, நிக்கணும்போலன்னு நின்னுட்டேன்."

ஞானசுந்தரி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தன்னை யாராவது திட்டினால் தேவலை என்றிருந்தது. லதா திட்டுவார் என்று எதிர்பார்த்து வீடு வரைக்கும் போனார். லதா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உடுங்க டீச்சர். அவ தாத்தாவும் மைன்ல பெல்லுக்குக் கட்டுப்பட்டவருதான். நீங்க இன்னா பண்ணுவீங்க" என்று காபி போட எழுந்தார். டீச்சர் காபியை வாங்கிக்கொண்டார். மேல் அதிகாரிகளுக்கு எழுதிப் பார்ப்பதா, அடுத்த வருஷம் என்று சொல்வதா என்று யோசித்துப் பார்த்தார். அடுத்த வருஷம் ராதிகா எந்தப் பள்ளியிலும் இருக்கப்போவதில்லை.

திங்கட்கிழமை காலை பிரார்த்தனை முடிந்ததும் ஞானசுந்தரி மணிக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஹெட்மாஸ்டரைக் கேட்கவில்லை, யாரையும் கேட்கவில்லை.

"எல்லாரும் கேளுங்க. இன்னிலருந்து ஒரு பெல் அடிச்சா நிக்கக் கூடாது. ஓடணும். புரிஞ்சுதா?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புரிந்தது டீச்சர் என்று இழுத்தார்கள். ஞானசுந்தரி இரும்புத் தடியை எடுத்து ஓங்கி ஒரு அடி அடித்தார். மைதானம் முழுக்க அசையாமல் நின்றது. ஒரு நொடி கழித்துச் சின்னப் பிள்ளை ஒன்று களுக்கென்று சிரித்துக்கொண்டு ஓடியது. அதைப் பார்த்து இன்னொன்று. பிறகு எல்லாமே கூச்சல் போட்டுக்கொண்டு கேட் பக்கமும் குழாய்ப் பக்கமும் கண்டபடி ஓடின.

ராதிகா வரிசையில் தன் இடத்திலேயே நின்றாள். கை இரண்டும் தொடையில் இருந்தன.

டீச்சர் அவளிடம் போனார். "நீ ஓடு ராதிகா. இனிமே நிக்கத் தேவயில்ல. ஓடு."

ராதிகா மைதானத்தைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். அவள் முகத்தில் கேலி இல்லை, கோபமும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"எங்க டீச்சர் ஓடறது?"