தக்காளிச் செடிக்கு இறுக்கிய கட்டு

மனைவியின் மார்புக் கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவை ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொல்வதாக இருந்தது. அன்று காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எஸ்டேட் வீட்டுப் பின்பக்கம் காய் பாரத்தில் சாய்ந்து கிடந்த தக்காளிச் செடிகளுக்குச் செம்பனை மட்டையைச் சீவி முட்டுக்கு நட்டேன். கோணலாகத் தெரிந்தது, பிடுங்கி மறுபடி நட்டேன். பழைய கைலியைக் கிழித்துக் கட்டியபோது, இறுக்கியதில் ஒரு தண்டு முறிந்தே போனது.

அவள் வந்து பார்த்தாள். "இப்படியா இறுக்குவீங்க? தண்டு பருக்க இடம் விடுங்க லா" என்று சொல்லி, ஒவ்வொரு கட்டையும் அவிழ்த்து, விரல் நுழைகிற அளவுக்குத் தளர்த்திக் கட்டினாள்.

மத்தியானம் போன் வந்தது. அவளே எடுத்தாள்.

"கொழுப்புக் கட்டிதானாம். பயமில்லையாம்."

அதற்குப் பிறகும் என்னால் உட்கார முடியவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு லுக்குட் டவுன் வரை சும்மா போய் வந்தேன்.