மேடம் ஆன ஆஞ்சலா

தொம்மலூர் ரேடியோ ஃபேக்டரியில் 1998-ல் சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போனதும், ஆஞ்சலாவும் கூட இருந்த பெண்களும் தாங்களாகவே ரேடியோ பூட்டும் லைனை ஓட்டினார்கள். யாருக்கு எந்த வேலை என்று காலையில் டீ குடித்தபடியே சண்டை போட்டு முடிவுசெய்வார்கள். உற்பத்தி கூடியது. மனம் குளிர்ந்த முதலாளி ஆஞ்சலாவையே சூப்பர்வைசராக்கினார்.

அன்றிலிருந்து அவள் பக்கத்தில் வந்தாலே பேச்சு நின்றுபோனது.

ஒருநாள் லைனில் வேலை பார்க்கும் தாரணி வரவில்லை. ஆஞ்சலா அவளுடைய ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள்.

"ஐயோ மேடம், நீங்க எதுக்கு?" என்று பக்கத்து ஸ்டூலில் இருந்த தமயந்தி பதறி எழுந்தாள்.

"என்ன பண்ணலாம்னு நீயே சொல்லேன், தமயந்தி."

"நீங்க சொல்றபடி மேடம்."

'ஏய் ஆஞ்சலா, வாயை மூடிட்டு நான் சொல்றதைக் கேளு' என்று முன்பெல்லாம் அதட்டியவள் இவள்தான். அந்த அதட்டலுக்காக ஆஞ்சலாவின் மனம் ஏங்கியது. தாரணியின் வேலையை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தாமலே உட்கார்ந்திருந்தாள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை.