எம் எழுத்துக்காரர்களின் வரிசை

தொண்ணூறுகளின் நடுவில், மாத்தளை டவுனில் ஒரு டாக்டரின் டிஸ்பென்சரிக்கு, நோயாளர் விபரங்களைத் தேடிக் கொடுக்கும் புரோகிராம் ஒன்றை எழுதினேன். அப்போது நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பெயரின் முதல் ஆங்கில எழுத்துப்படி, கம்ப்யூட்டருக்குள் இருபத்தாறு பெட்டிகள்; பெட்டிக்குள் ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டு போகும். எழுத்துக்கு ஐம்பதாகக் கற்பனைப் பெயர்களை நானே தட்டி, கைக்கடிகாரத்தை வைத்து அளந்தேன். எந்தப் பெயரும் மூன்று வினாடிக்குள் வந்தது.

புரோகிராம் ஓடத் தொடங்கிய முதல் ஞாயிறு தேயிலைத் தோட்டத்துச் சனம் வந்தது. வரிசை ரோட்டுக்குப் போய்விட்டது. கம்ப்யூட்டர் வேலைக்கென்றே சேர்த்த பிள்ளை திரையைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

“இதுக்குள்ள என் காச்சலே விட்டுப்போச்சு தங்கச்சி,” என்றார் வரிசையில் நின்ற ஒரு பெண்.

மாலையில் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். “அடுத்த ஞாயிறும் இப்படின்னா பழையபடி கார்டுதான் மாஸ்டர். அந்தப் பிள்ளையையும் நிப்பாட்ட வேண்டியதுதான்.”

அவள் வீட்டில் சம்பளம் வாங்குவது அவள் ஒருத்திதான். நான் விடுவதாக இல்லை.

மறுநாள் உண்மையான பெயர்களை அவளைத் தட்டச் சொல்லி அளந்தேன். டி, கே எல்லாம் உடனே வந்தன. எம் என்றால் நாற்பது வினாடி. எண்ணிப் பார்த்தால், மூன்றில் ஒரு பங்குப் பேர் எம் பெட்டிக்குள்: முத்து, மாரி, முனி. முத்துமாரியம்மன் குடியிருக்கும் ஊரில் வேறென்ன பெயர் வைப்பார்கள்? க்யூ எழுத்துப் பெட்டியில் ஒருவரும் இல்லை. என் கற்பனைப் பெயர்களில் க்யூவுக்கும் ஐம்பது பேர் இருந்தார்கள்.

முதல் எழுத்தைக் கைவிட்டேன். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர் முழுவதையும் கூட்டி, நூற்றொன்றால் வகுத்து, மீதி எதுவோ அந்தப் பெட்டியில் போட்டேன். அப்போதும் முத்துலெட்சுமிகள் எல்லாரும் ஒரே பெட்டியில் விழுந்தார்கள். அவரவர் தோட்டத்தின் பெயரையும் சேர்த்துக் கூட்டினேன். மறுபடி அளந்தேன். மிக மெதுவாக வந்த பெயரை மட்டுமே கணக்கில் எடுத்தேன். காய்ச்சலோடு நிற்கிறவருக்குச் சராசரியால் என்ன பயன்?

“போதும் மாஸ்டர், விரல் வலிக்குது.”

“இன்னும் இருபது பேர் போடு.”

அடுத்த ஞாயிறு மத்தியானம் டாக்டர் வெளியே வந்தார். “என்ன, இன்னைக்கு ஆள் கொறைவா?”

“இல்லங்க சேர். போன கெழமைய விடக் கூடத்தான்,” என்றாள் பிள்ளை.

அவர் வாசல்வரை போய் ரோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். “நாளைக்கு எட்டுக்கே வந்திரும்மா,” என்றார்.

அவள் தலையாட்டிவிட்டு அடுத்த பெயரைத் தட்டினாள். ஐந்து வினாடி எடுத்தது. எனக்கு அந்த ஐந்து பிடிக்கவில்லை.