ஏழு மணி ஊசி

எங்கள் வீட்டுப் பூனைக்குச் சர்க்கரை நோய் என்று டாக்டரம்மா சொன்னபோது ஆச்சரியப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. மணலியில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு ஷிப்ட் வேலை. இரவு வேலை முடித்த கையோடு பூனையைக் கூடையில் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். பத்து வயதுக் கடுவன். ஒரு மாதமாகக் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடித்து, இளைத்துக்கொண்டே வந்தது. உண்மையில் அது என் மகளுடைய பூனை. அவளை மாத்தூரில் கட்டிக்கொடுத்தோம். மாமியாருக்கு வீசிங் என்பதால் பூனை தண்டையார்பேட்டையில் எங்களோடு தங்கிவிட்டது.

காலை ஏழு, மாலை ஏழு என்று தினம் இரண்டு இன்சுலின் ஊசி. முதலில் சாப்பாடு, அப்புறம் ஊசி. ஒரு யூனிட்டில் தொடங்கினோம். வாரம் ஒருநாள் காதோரம் குத்தி, ஒரு துளி ரத்தம் எடுத்து, மிஷினில் வரும் எண்ணை டாக்டரம்மாவுக்கு அனுப்ப வேண்டும். சர்க்கரை இறங்கவில்லை. ஒன்றரை ஆக்கினார். பிறகு இரண்டு. நீங்களாக ஏற்றிவிடாதீர்கள் என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். அரை யூனிட் என்பது ஊசிக் குழாயில் ஒரு கோடுகூட இல்லை, இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்கும் வெறும் இடம். கண்ணாடி போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நின்று அளப்பேன்.

என் மனைவிக்கு ஊசி என்றாலே பயம். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பூனையைப் பிடிப்பாள். காலை ஷிப்ட் வந்தால் ஏழு மணிக்கு நான் வீட்டில் இருக்க முடியாது. அதனால் சூப்பர்வைசரிடம் எனக்கு எப்போதும் இரவு ஷிப்டே போடச் சொன்னேன். வீட்டில் ஒருவருக்கு இன்சுலின் போட வேண்டும் என்றேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று மாதம் அப்படியே ஓடியது. பகலில் தெருச் சத்தத்தில் தூங்கினேன் என்று சொல்ல முடியாது, படுத்துக் கிடந்தேன்.

ஒருநாள் காலை கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் பஸ் மாட்டிக்கொண்டது. வீடு சேர எட்டேகால் ஆகிவிட்டது. தெருமுனையில் தண்ணீர் லாரி வந்து, மனைவி குடத்தோடு போயிருந்தாள். பூனையின் தட்டு காலி. சாப்பிட்டுவிட்டது என்று இரண்டு யூனிட் போட்டுவிட்டுப் படுத்தேன்.

பத்தரை மணிக்கு அவள் என்னை உலுக்கினாள்.

"எழுந்திருய்யா. இது குடிகாரனாட்டம் தள்ளாடிகினு கீது."

பூனை சுவரில் சாய்ந்து நின்றது, பின்னங்கால்கள் மடங்கின. ரத்தம் எடுத்துப் பார்த்தேன். முப்பத்தெட்டு. சர்க்கரை அடியோடு இறங்கியிருந்தது. வழக்கம்போல இரண்டுதானே போட்டேன் என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஏழு மணிக்கே நான் போட்டுட்டேன்யா. வந்ததும் நீ படுக்கட்டும்னுதான்."

நாலைந்து நாளாக எனக்குத் தெரியாமல், ஊசியில் தண்ணீர் ஏற்றி எலுமிச்சம்பழத்தில் குத்திப் பழகியிருக்கிறாள்.

டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். சர்க்கரைத் தண்ணீரை ஈறில் தடவுங்கள், வாயில் ஊற்றாதீர்கள், உடனே கொண்டுவாருங்கள் என்றார். ஆட்டோவில் அவள் தடவிக்கொண்டே வந்தாள். சொல்லித் தொலைத்திருந்தால் என்ன என்று கத்திவிட்டேன். அவள் நிமிரவில்லை.

"உன் மூஞ்சிய கண்ணாடில பாத்தியா நீ? எத்தினி நாளாச்சு நீ தூங்கி."

படுப்பதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதைக்கூடச் செய்யாத அளவுக்கு அசந்திருந்தேன்.

சாயங்காலம் வரை டிரிப் ஏறியது. நாலு மணிவாக்கில் பூனை தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தது. அப்போதுதான் அவள் அழுதாள். டாக்டரம்மா யாரையும் திட்டவில்லை. ஒரு வேளை விட்டுப்போனால் சமாளித்துக்கொள்ளலாம், ஒரு வேளை கூடினால் உயிரே போய்விடும், போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் போடாதீர்கள் என்றார். அன்று மாலை ஊசி வேண்டாம். மறுநாளிலிருந்து மறுபடி ஒரு யூனிட்.

மூன்று மாதத்தில் ஏறி வந்த தூரமெல்லாம் போய், மீண்டும் காது குத்தல், மீண்டும் எண்கள். ஒன்றரையில் இப்போது ஓரளவு நிற்கிறது. காலை ஊசி அவளுடையது, நான் வேலையில் இருக்கும் நாட்களில் மாலை ஊசியும். போட்டதும் எனக்கு போன் செய்துவிடுவாள். நானும் பழையபடி மாறி மாறி ஷிப்ட் போகிறேன்.

நேற்று சர்க்கரை கொஞ்சம் ஏறியிருந்தது. இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்றார் டாக்டரம்மா. சரிம்மா என்றேன்.