போருக்கும் ஒரு ஸ்டாப்

நேற்று காக்ஸ் டவுன் பக்கம் ஒரு தள்ளுவண்டியில் சுக்கு காபி குடித்தேன். முதல் வாயிலேயே இத்ரிஸ் ஞாபகம் வந்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

இத்ரிஸ் சூடான்காரன். ஜீவனஹள்ளியில் நான் குடியிருந்த வீட்டின் மாடியறையில் தங்கி பார்மசி படித்தான். அவனும் காபியில் சுக்குதான் போடுவான். "இது எங்க ஊரு காபிடா" என்பேன். "நீங்க திருடினது மச்சா" என்பான். எல்லாம் தெருவில் பொறுக்கிய தமிழ். ஒருமுறை வீட்டுக்கார அம்மாவையே மச்சா என்று கூப்பிட்டுவிட்டான். அன்று முழுக்க அந்தம்மா தண்ணீர் மோட்டார் போடவில்லை. குளிக்காமல் ஆபீஸ் போனவன் நான்.

ஆபீஸ் என்றால் செய்திச் செயலி. உலகத்துப் போர்களையெல்லாம் தமிழாக்குகிற வேலை, பாதி நாள் வீட்டில் லுங்கியோடு. இத்ரிஸ் ஊர்ச் சண்டையும் என் பங்குக்கு வந்தது. அவன் அக்கா அங்கே மாட்டிக்கொண்டிருந்தாள். சண்டை கொஞ்சம் நின்றால் போதும், பஸ் பிடித்து எல்லை தாண்டிவிடுவாள். எங்கோ ஒரு ஓட்டலில் தூதர்கள் கை குலுக்குவார்கள். நான் 'போர் நிறுத்தப் பேச்சில் முன்னேற்றம்' என்று தட்டுவேன். அவன் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பான்.

"நிறுத்தம்னா என்ன மச்சா?"

"பஸ் ஸ்டாப்புக்கும் அதே வார்த்தைதான்" என்றேன், பெரிய பண்டிதன் மாதிரி.

கொஞ்சம் யோசித்தான். "அப்போ போர் வந்து நிக்கும், ஆள் ஏத்தும், திரும்ப போகும். கரெக்ட் வார்த்தை."

விழுந்து விழுந்து சிரித்தோம். அவன்தான் முதலில் நிறுத்தினான்.

ஒரு நாள் இரு தரப்பும் நிஜமாகவே சம்மதித்தன. அக்கா பையோடு கிளம்பிவிட்டாள். நான் கேசரி பாத் வாங்கி வந்தேன். தின்று முடிப்பதற்குள் அவள் போன்: பாலத்தருகே மறுபடி சுடுகிறார்கள், வீட்டுக்கே திரும்புகிறேன். அதற்குப் பிறகு அவள் எடுக்கவேயில்லை. இத்ரிஸ் அவளைத் தேடிக்கொண்டு சூடான் எல்லைக்கே கிளம்பினான். "நல்ல நியூஸ் போடு மச்சா" என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினான். இப்போது அவன் நம்பரை அழைத்தால் ஒரு பெண்குரல் அரபியில் ஏதோ சொல்கிறது. மொழிபெயர்ப்பாளனுக்குப் புரியவில்லை.

மாடியறையை இடித்து பிஜி ஹாஸ்டல் கட்டிவிட்டார்கள். ரோட்டை அகலமாக்கும்போது தெருமுனை பஸ் ஸ்டாப்பையும் பிடுங்கிவிட்டார்கள். ஆனாலும் டிரைவர்கள் பழக்கதோஷத்தில் அங்கேதான் பிரேக் போடுகிறார்கள். பலகையே இல்லாத இடத்தில் பஸ் நிற்கிறது. இத்ரிஸ் ஊருக்கு நான் வாராவாரம் 'நிறுத்தம்' என்று பலகை எழுதுகிறேன்.