அவோரித்தா என்றால் எப்போது?

சிட்னியில் கம்பளி மூட்டை ஏற்றும் இடத்தில் என்னோடு வேலை செய்தவர்கள் மெல்பேர்ன்காரர்களை மெக்சிக்கன் என்றுதான் சொல்வார்கள். அமெரிக்காவுக்கு மெக்சிகோ மாதிரி, எல்லைக்குத் தெற்கே இருக்கிறவர்கள் என்று அவர்களுக்குள் ஒரு பகிடி. அதனால், "தெற்கே ஒரு மெக்சிக்கனிடம் வேலை இருக்கிறது, படுக்கவும் இடம் தருவான்" என்று ஒருவன் சொன்னபோது, ஏதோ ஒரு மெல்பேர்ன் வெள்ளைக்காரனை மனதில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். மெல்பேர்னில், பிரன்ஸ்விக் பக்கம், ஒரு தகரக் கூரைப் பட்டறையின் கதவைத் தட்டினேன். குட்டையான, வழுக்கை விழுந்த ஒருவர் கதவைத் திறந்து, என்னை இறுகக் கட்டிப்பிடித்து, முதுகில் படபடவென்று அடித்தார். மெல்பேர்ன்காரன் எவனும் அப்படிச் செய்ய மாட்டான். ஆள் அசல் மெக்சிக்கன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் கைவிட்டுவிட்டோம். பருத்தித்துறையிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து ஒரு சரக்குக் கப்பலின் குசினி, அதாவது சமையலறை, குசினியிலிருந்து சிட்னி. மில்டூராவில் திராட்சை பிடுங்கினேன், முதுகு பிடித்தது. ஸ்டேஷன் வாங்கில், அந்த மரப் பெஞ்சில், படுத்தேன், சளி பிடித்தது. எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு வேண்டியிருந்தது காற்றுப் புகாத ஒரு மூலை.

மெக்சிக்கன் பையை வைக்கச் சொல்லி "மேசா" என்று காட்டினார். பார்த்தால் மேசை. என் காலைக் காட்டி "சப்பாத்தோ" என்றார், மழையில் ஊறிப்போன சப்பாத்தைக் கழற்றச் சொல்கிறார். "கொசீனா" என்று உள்ளே கையை நீட்டினார், அங்கே குசினி. எல்லாம் எங்கள் ஊர்ச் சொற்கள். யாழ்ப்பாணத்துக்குப் போர்த்துக்கேயர் வந்து விட்டுப்போன சொற்களுக்கு மெக்சிகோவிலும் சொந்தக்காரர் இருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது எப்படித் தெரியும்? இந்த மனிதர் எங்கள் பக்கத்து ஆள் என்றே நினைத்தேன். நானும் விடாமல் மேசை, சப்பாத்து, குசினி, வாங்கு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுச் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. ஸ்பானியம் தெரிந்த ஒருவனை மெல்பேர்ன் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தாராம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்கட கதிரையில இருக்கலாமோ?" என்று பக்கத்தில் கிடந்த நாற்காலியைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டுவிட்டேன். ஸ்பானியத்தில் 'கதேரா' என்றால் இடுப்பு.

அவர் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு, "அவோரித்தா" என்றார். இப்போதே என்று அதற்கு அர்த்தமாம். நான் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.

அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே தரம்தான். அதை அப்படியே எழுதினால் யாருக்கும் விளங்காது, எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து, அரைத்து, வட்ட வட்டமாகத் தட்டி, தோசைக்கல் மாதிரி ஒரு இரும்புத் தட்டில் சுடும் மெஷின் ஒன்றை அவர் தன் ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்திருந்தார். மனைவி ஆஸ்திரேலியக்காரி. அவளைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவர். அவர் செய்த சோள ரொட்டியை அந்த நாளில் மெல்பேர்னில் வாங்கியவர்கள் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரனும், ரொட்டி என்று நினைத்து ஒருமுறை வாங்கிய ஒரு குஜராத்திக் கிழவரும்தான். குளிர்காலம் முடிவதற்குள் ஒரு பெரிய வாடிக்கை பிடிக்காவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டு மாமனாரின் மாட்டுப் பண்ணைக்குப் போகப்போவதாகச் சொன்னார். பட்டறை பூட்டினால் என் படுக்கையும் போகும். பின்னறையில், சோள மூட்டைகளுக்கு நடுவே, ஒரு மெத்தை. உலர்ந்த இடம், கப்பலைவிட்டு இறங்கிய பிறகு எனக்குக் கிடைத்ததில் அதுதான் நல்லது. எப்படியும் வாடிக்கை பிடித்தே ஆக வேண்டும்.

அந்த வேலைக்கு விற்பனை மனேஜர் என்று பெயர். ஆனால் அவர் என்னைக் கூப்பிட்டது 'இன்ஹெனியேரோ' என்று, அதாவது இன்ஜினியர்.

"நான் படிக்கேல்லையே, பத்ரோன்" என்றேன். பத்ரோன் என்றால் முதலாளி.

"நேற்று மெஷின் சங்கிலியைக் கொழுவினது ஆர்?"

"நான்தான்."

"அப்ப இன்ஜினியர்தான். பட்டம் இல்லாதவனோட எங்கட ஊரில ஆரும் வியாபாரம் கதைக்க மாட்டினம்."

மெக்சிகோ வியாபார முறையை ஒரு கிழமை படிப்பித்தார். போன உடனே வியாபாரம் பேசக் கூடாது. முதலில் குடும்பத்தை விசாரிக்க வேண்டும், தாய், தகப்பன், பிள்ளைகள், யாருக்காவது வருத்தம் இருந்தால் அந்த வருத்தம். வாடிக்கையாளருக்கு ஒருநாளும் இல்லை என்று சொல்லக் கூடாது. சொல்ல வேண்டி வந்தால் 'அவோரித்தா' என்று சொல்ல வேண்டும். அது இப்போதே என்றும் ஆகலாம், நாளைக்கு என்றும் ஆகலாம், உன் பேரப்பிள்ளை காலத்தில் என்றும் ஆகலாம். கேட்டவன் முகம் வாடாமல் போவான். கக்கூஸ் பல்பு எரியவில்லை என்று நான் சொன்னதற்கும் அவோரித்தாதான். கடைசியில் நானே ஒரு மெழுகுதிரி வாங்கி வைத்தேன்.

எனக்கு இது ஒன்றும் புதினமாகத் தெரியவில்லை. எங்கள் ஊரிலும் முகத்துக்கு நேரே இல்லை என்பதில்லை, 'பாப்பம்' என்போம். பெண் கேட்டுப் போன வீட்டில் 'பாப்பம்' என்றால், தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிட வேண்டும்.

மெல்பேர்னின் மேற்கே, சன்ஷைன் என்ற இடத்தில் ஒரு பெரிய இரும்பு வேலைத் தொழிற்சாலை. அதன் கன்டீன் மனேஜரைப் பார்க்கப் போனேன். அரைக் காற்சட்டையும் முழங்கால்வரை வெள்ளை மேசும், அதாவது காலுறையும், போட்ட நெட்டை மனிதர். மெக்சிக்கன் கம்பனியிலிருந்து வருகிறேன் என்றேன்.

"நானும் சிட்னிதான் மேட். இங்க இருக்கிற எல்லாக் கம்பனியும் மெக்சிக்கன்தான்" என்று சிரித்தார்.

படித்தபடி தொடங்கினேன். "வீட்டில மனிசி சுகமோ?"

சிரிப்பு நின்றது. "ஏன்? ஆரும் ஏதும் சொன்னவங்களோ?"

"இல்லை, சும்மா. அம்மா?"

"செத்துப்போனா."

"அப்பா?"

"அந்தாளைப் பற்றிக் கதையாதை."

குடும்பம் முடிந்துவிட்டது. சுற்றிப் பார்த்தேன். சுவரில் ஒரு நாயின் படம் தொங்கியது, ஒல்லியான பந்தய நாய். "நாய் சுகமோ?" என்றேன்.

மனிதர் மலர்ந்துவிட்டார். நாய்க்குப் பின்னங்காலில் சுளுக்கு. அந்தச் சுளுக்கு எப்படி வந்தது, எந்த வைத்தியர் என்ன பிழை விட்டார், தான் என்ன எண்ணெய் பூசுகிறார் என்று சொல்லச் சொல்ல, நான் நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பூசச் சொன்னேன். அதற்கெல்லாம் பிறகுதான் ரொட்டியை எடுத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு மூலையைக் கடித்தார்.

"மோசமில்லை" என்றார். "வீ வில் சீ, மேட். எங்கட பெடியள் என்ன சொல்லுறாங்கள் எண்டு பாப்பம்."

வீ வில் சீ. பாப்பம்.  இதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படி இல்லை என்று சொல்ல முடியும்? மரியாதையாக எழும்பினேன். விடைபெறும்போது போறன் என்று சொல்வது எங்கள் வாயில் வராது, போகிறவன் திரும்பாமல் போய்விடுவான் என்று பயம். "போட்டு வாறன்" என்றுதான் சொல்வோம். அதையே ஆங்கிலத்தில் சொன்னேன்: "ஓகே சார், ஐ கோ அண்ட் கம்."

"குட் மேன்" என்றார் அவர். இவ்வளவு சந்தோஷமாக ஒருவர் என்னைக் கைகழுவியது அதுதான் முதல்தரம்.

பட்டறைக்குப் போக மனம் வரவில்லை. படுக்க வேறு இடம் பார்ப்போம் என்று ரயில் பிடித்து, கிளென் வேவர்லிக்கு, கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போனேன். அங்கே எங்கள் ஊர் அண்ணை ஒருவர் குடும்பத்தோடு இருந்தார், கணக்காளர். அன்று லீவு போட்டுவிட்டுப் புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்னடாப்பா, கோப்பை கழுவுற வேலையும் போச்சோ?"

"விற்பனை மனேஜர், அண்ணை."

"ஓமோம். போனமுறை கப்பல் குசினிக்குக் 'கேட்டரிங் ஒஃபிசர்' எண்டனீ." அவர் மனைவி யன்னலுக்குள்ளிருந்து சிரித்தா. "பாவம், விடுங்கோப்பா. தம்பி, வந்து சாப்பிடு."

சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் தந்தா. இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு கேட்டேன்: "அண்ணை, உங்கட கராஜுக்குள்ள ஒரு மூலையில கொஞ்ச நாள் படுக்கலாமோ?"

அண்ணை மனைவியைப் பார்த்தார். மனைவி குழம்புச் சட்டியைப் பார்த்தா.

"பாப்பம்" என்றார் அண்ணை.

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினேன். "அப்ப போட்டு வாறன் அண்ணை."

"ஓம், போட்டு வா."

நான் தெருத் திருப்பத்தைத் தாண்டுவதற்கு முன்பே புல் வெட்டும் மெஷின் சத்தம் கேட்டது.

சாமானைக் கட்டலாம் என்று பட்டறைக்கு வந்தேன். பத்ரோன் டெலிபோனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். "அவோரித்தா, செஞோர்! அவோரித்தா!" என்று யாரோ ஒரு ஐயாவிடம் கத்திவிட்டு, பேசும் பக்கத்தைக் கையால் பொத்தினார். "இன்ஹெனியேரோ! எங்க போனனீ? காலமையிலயிருந்து இந்த மனிசன் எடுக்கிறான். உன்ர ஆள் வாறானோ, வாறானோ எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"அவோரித்தா எண்டு. அதெண்டா என்ன எண்டு கேட்டான். இப்பவே எண்டு சொன்னனான்."

"ஆர் வாறது? எங்க வாறது?"

"எனக்கென்ன தெரியும்? வாடிக்கைக்காரன் கேக்கேக்க இல்லை எண்டு சொல்லேலுமே?"

அப்போதுதான் எனக்கு வெளித்தது. 'பாப்பம்' என்றால் இந்த நாட்டில் உண்மையாகவே பார்ப்போம் என்றுதான் அர்த்தம். ரொட்டியை எடுத்துவரத்தான் நான் போயிருக்கிறேன் என்று அந்த மனிதர் நம்பிவிட்டார். நான் சொன்ன 'கோ'வையும் நம்பினார், 'கம்'மையும் நம்பினார்.

தட்டுக்குக் கீழே நெருப்பு மூட்டினோம். மீந்து கிடந்த ரொட்டி எல்லாவற்றையும் சுடவைத்து, துவாய்த் துணியில் சுற்றி, கூடைகளில் அடுக்கி, வேனில் ஏற்றினோம். வழி முழுக்கப் பத்ரோன் தன் ஊர்ச் சாமிகளைக் கூப்பிட்டார். எனக்குத் தெரிந்தவர்களை நானும் கூப்பிட்டேன்.

கன்டீனுக்குள் கரண்டியால் கோப்பையைத் தட்டும் சத்தம் வெளியே கேட்டது. புது ரொட்டி வருகிறது என்று மனேஜர் அன்று பேக்கரிப் பாண் வாங்க வேண்டாம் என்று சமையல்காரனிடம் சொல்லியிருக்கிறார். மத்தியானம் வந்தவர்கள் இறைச்சிக் குழம்பைத் தேத்தண்ணி மாதிரிக் குடித்துவிட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். இப்போது அவர்கள் வேலை முடிந்து இறங்குகிறார்கள், அடுத்த ஷிஃப்ட் ஏறுகிறது. கிரேக்கர், யூகோஸ்லாவியர், துருக்கியர் என்று இரண்டு ஷிஃப்ட் ஆட்களும் பசியோடு நிற்கிறார்கள். மனேஜரின் முகமும் காதும் ஒரே சிவப்பு.

"ஐ கோ அண்ட் கம் எண்டு சொன்னாய்!"

"சொன்னனான், சார்."

"அப்ப ஏன் வரேல்லை?"

"அது போறதுக்குச் சொல்லுறது."

"போறதுக்கு வாறன் எண்டோ சொல்லுவியள்?"

"ஓம், சார். போறன் எண்டு சொன்னா செத்துப்போற மாதிரி."

மனேஜர் என்னை விட்டுவிட்டார். பிறகு பத்ரோன் பக்கம் திரும்பினார். "நீ? இப்ப எண்டு சொன்னாய்!"

"இப்பதான்" என்றார் பத்ரோன் பணிவாக. "எந்த இப்ப எண்டு நீங்கள் கேக்கேல்லையே, செஞோர்." சொல்லிவிட்டு, மனம் உருகி, அவரைக் கட்டிப்பிடித்து முதுகில் அடித்தார். கன்டீன் முழுக்கச் சீட்டி அடித்தது. மனேஜர் லைட்டுக் கம்பம் மாதிரி நின்றார்.

அதற்குள் யாரோ கூடையைத் திறந்துவிட்டான். அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒருவன் குழம்பைச் சுருட்டித் தின்றான். ஒருவன் வீட்டிலிருந்து கொண்டுவந்த மிளகாய் ஊறுகாயைச் சுருட்டினான். ஒரு துருக்கியக் கிழவர் ஒன்றும் வைக்காமல், நின்றபடியே, கண்ணை மூடிக்கொண்டு தின்றார். மனேஜர் இறைச்சி அடைத்துச் சுட்ட 'மீட் பை' ஒன்றை முழுதாக உள்ளே வைத்து, மேலே தக்காளிச் சோஸ் ஊற்றி, மடிக்கப் பார்த்தார். அது அவர் வெள்ளை மேசில் விழுந்தது. பத்ரோன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். துவாயில் ஒட்டியிருந்த துண்டுகளைக்கூட விடவில்லை. ருசியால் தின்றார்களா பசியால் தின்றார்களா என்று எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவும் இல்லை.

மனேஜர் காலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "திங்கள், புதன், வெள்ளி. காலமை சைரன் ஊதமுதல் இங்க நிக்கோணும். ஏலுமோ?"

பத்ரோன் வாயைத் திறந்தார். எந்தச் சொல் வரப்போகிறது என்று தெரிந்து அவர் காலை நன்றாக மிதித்தேன்.

"யெஸ்!" என்று கத்தினார் அவர், வலியில்.

பட்டறை பூட்டவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து ஒரு லொறி வந்து பின்னறை முழுக்கச் சோள மூட்டையை இறக்கிவிட்டுப் போனது. கால் வைக்கவும் இடமில்லை. மெத்தை எங்கே என்று தேடினேன். பத்ரோன் மேலே கையைக் காட்டினார். மூட்டை அடுக்கின் உச்சியில், கூரைத் தகரத்துக்கு ஒரு சாண் கீழே, விரித்து வைத்திருந்தார். ஏணி போட்டு ஏறினேன். புரண்டு படுத்தால் மூக்கு தகரத்தில் முட்டியது, மழை பெய்தால் காதுக்குள் பெய்தது. ஆனால் கீழே சுட்ட சூடெல்லாம் அங்கேதான் வந்து சேரும், அந்த மாதிரி ஒரு கதகதப்பில் நான் மெல்பேர்னில் படுத்ததில்லை. வேலை நடக்க நடக்க மூட்டை குறையும், நானும் ஒவ்வொரு படியாக இறங்குவேன். வெள்ளிக்கிழமை கிட்டத்தட்டத் தரைக்கு வந்துவிடுவேன். லொறி வந்ததும் திரும்பவும் கூரைக்குப் போவேன். அந்தக் குளிர்காலம் முழுக்க, வியாபாரம் எப்படி என்று யாராவது கேட்டால், நான் எந்த உயரத்தில் எழும்பினேன் என்று யோசித்துப் பார்த்துத்தான் பதில் சொன்னேன்.