மூணு வாரத்துக்கு ஒரு ஊசி

புதூர்நாட்டு மலையில் என் ஜீப்பு ஏறாத ஊரு கிடையாது. மூணாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், புளி மூட்டையைத் தலையில் சுமந்து கீழே இறக்கினவன், இன்னைக்கு ரெண்டு குடோன் வெச்சிருக்கேன். ஒவ்வொரு சீசனிலும் முதல் மூட்டையை நான்தான் தூக்கி வண்டியில் போடுவேன். அறுபது தாண்டியும் போட்டேன்.

அப்படிப்பட்டவனுக்கு ரெண்டு வருஷமா ஆசைன்னு ஒண்ணு வரவே இல்லை. பொண்டாட்டி பக்கத்தில் வந்து படுத்தால் சுவர் பக்கம் திரும்பிக்குவேன். அவளைப் பிடிக்காமல் இல்லை. தொடணும்னு தோணணுமே என்றுதான் ஏங்கினேன். ஊருக்கெல்லாம் பேசுகிறவன், இதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திருப்பத்தூரில் ஒரு டாக்டர், காலையில் வெறும் வயிற்றில் ரெண்டு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஆம்பளை உடம்பில் ஊறுகிற டெஸ்டோஸ்டிரோன் எனக்கு ரொம்பக் கம்மியாம். மூணு வாரத்துக்கு ஒரு ஊசி என்றார். வூட்டில் சத்து ஊசின்னு சொல்லிவிட்டேன்.

முதல் ஊசி போட்ட நாலாம் நாளே, பலம் ஏறிடுச்சான்னு மூட்டையைத் தூக்கிப் பார்த்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டரிடம் போய், "ரெண்டா போட்டுடுங்க, எனக்குத் தாங்கும்" என்றேன்.

"இன்னா பெரியவரே, புளிய மரத்துக்கு எருவா கொட்றோம்? அதிகமா போட்டா ரத்தம் கெட்டியாய்டும். ஆசை ஒரு மாசம், ஒன்றரை மாசத்துல தலைகாட்டும். பலத்துக்கு மூணு நாலு மாசம். எலும்புக்கு இன்னும் மேல. நடுவுல ரத்தத்தை டெஸ்ட் பண்ணிக்கிட்டே இருக்கணும். இருபது வயசு மட்டும் திரும்பாது."

அஞ்சாவது வாரம் ஒரு காலையில் பொண்டாட்டி வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். குனிந்த கழுத்தில் வேர்வை. பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. வந்துடுச்சி! போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கொட்டை எடுக்க ஆரம்பித்தேன்.

"இன்னாங்க, வண்டி கெளம்பலயா? மொதலாளி புளி தட்டினா ஆளுங்க சிரிக்கப் போறாங்க."

"சிரிக்கட்டும்" என்றவன், ஊசி விஷயத்தைச் சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது.

"சத்து ஊசின்னீங்களே?"

"வெக்கமா இருந்திச்சி."

"ஒடம்பு சரியில்லன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? கெழவியாய்ட்டேன், என்னைப் புடிக்கலன்னு ரெண்டு வருஷம் அழுதிருக்கேன்."



ஊசி ஆரம்பித்து இப்போ ஆறு மாசம் ஆகிறது. ரத்தம் சரியாக இருக்காம், பலமும் தேறியிருக்கு. ஆசை நிறைய இருக்கு. அவள்தான் இன்னும் கொஞ்சம் தள்ளி உட்காருகிறாள். டாக்டர் என் உடம்புக்குத்தான் மாசக் கணக்கு சொன்னார். அவள் மனசு ஆற எத்தனை மாசமோ.

போன வாரம், "ஜமுனாமரத்தூர் சந்தைக்கு வர்றியா? முன் சீட்ல உக்காந்துக்கோ" என்று கேட்டேன்.

"பாக்கலாம்" என்றாள்.

யார் பதிலுக்கும் காத்துக் கிடக்காத ஆள் நான். சந்தை நாளன்று வண்டியைக் கிளப்பாமல், உள்ளே அவள் பெட்டியைத் திறந்து புடவை எடுக்கிற சத்தம் கேட்குதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.